பஸ் லைசென்ஸும் ஒன்பது நிமிட நடையும்

மாரடைப்பு வந்து, இரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற லண்டன் பஸ் சாரதிக்கு நெஞ்சுவலியைவிடப் பெரிய கவலை வேலைதான். ஆஸ்பத்திரியில் “இனி ஓட்டலாம்” என்று சொன்னாலும் அது கார் ஓட்டுவதற்கான பேச்சாகவே இருக்கும். பஸ்ஸுக்கு முடிவு சொல்வது சுவான்சியில் இருக்கிற டிவிஎல்ஏ என்ற அரசு லைசென்ஸ் அமைப்பு.

சாதாரணக் கார் லைசென்ஸ் முதலாம் பிரிவு. ஸ்டென்ட் நல்லபடி வைத்து, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கிற இரத்தத்தில் வெளியே தள்ளும் அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல், அடுத்த நான்கு வாரத்துக்குள் வேறு இதய இரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை எதுவும் திட்டமிடாமல் இருந்தால் ஒரு வாரத்தில் கார் எடுக்கலாம். இல்லையென்றால் நான்கு வாரம். டிவிஎல்ஏக்கு அறிவிக்கத் தேவையில்லை.

பஸ்ஸும் பெரிய லொறியும் இரண்டாம் பிரிவு. இங்கே அறிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம். ஸ்டென்ட் என்றால் குறைந்தது 6 வாரம், பைபாஸ் அறுவைச் சிகிச்சை என்றால் 3 மாதம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. லண்டனில் மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டுபவர்களிடமும், நகரப் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல் இந்த இரண்டாம் பிரிவு மருத்துவத் தரத்தையே எதிர்பார்க்கிறது. இந்தக் காத்திருப்பு முடிந்த பிறகுதான், ஓடும் பட்டையில் நடந்து காட்டுகிற ட்ரெட்மில் சோதனை.

நெஞ்சில் முடி இருந்தால் இடையிடையே மழித்து, தோலைச் சற்றுத் தேய்த்து, ஈசிஜி வயர்களுக்கான ஒட்டிகளை ஒட்டுவார்கள். கையில் பிரஷர் பட்டி. பட்டை மெதுவாக ஓடத் தொடங்கும்: மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம். கோயிலைச் சுற்றி வருகிற வேகம்தான், சிரித்துக்கொண்டே நடக்கலாம். மூன்று நிமிடம் கழித்து வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர், 12 சதவீத ஏற்றம். இன்னும் மூன்று நிமிடம் கழித்து மணிக்கு 5.5 கிலோமீட்டர், 14 சதவீத ஏற்றம். கெண்டைக்கால் பிடித்து, பேச்சு மூச்சில் உடைவது இங்கேதான். இந்த மூன்று கட்டங்களையும், அதாவது 9 நிமிடங்களையும், முடிக்கவேண்டும். அமெரிக்க வைத்தியர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை இது. சைக்கிளில் செய்தால் 10 நிமிடத்தில் 200 வாட் வரை போகவேண்டும்.

ஓடிக் காட்டுகிற போட்டி இல்லை. நெஞ்சுவலி வருகிறதா, ஈசிஜி கோடு 2 மில்லிமீட்டருக்கு மேல் கீழிறங்குகிறதா, பிரஷர் ஏறவேண்டிய நேரத்தில் விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பட்டை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஈசிஜி ஓடும். ‘அப்பாடா’ என்று உடனே வயரைக் கழற்ற முடியாது.

அதிகம் பேர் தடுமாறுவது மாத்திரையில். நெஞ்சுவலிக்காக, அல்லது இதயப் பாதுகாப்புக்காகக் கொடுத்த, இதயத்தின் சுமையைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர், நைட்ரேட், கால்சியம் சேனல் பிளாக்கர் போன்றவற்றைச் சோதனைக்கு 48 மணிநேரம் முன்பே நிறுத்தியிருக்கவேண்டும் என்கிறது விதி. அதே மாத்திரை பிரஷருக்கு மட்டுமோ இதயத்துடிப்பு ஒழுங்கீனத்துக்கு மட்டுமோ என்றால் நிறுத்தத் தேவையில்லை. பெட்டியில் இருக்கிற பெயரைப் பார்த்து நீங்களே தீர்மானிக்காதீர்கள். எந்த மாத்திரையை எதற்குத் தந்தார் என்று ஜிபியிடமோ (குடும்ப வைத்தியர்) இதய வைத்தியரிடமோ கேட்டு, அவர் சரி என்ற பிறகே நிறுத்துங்கள். பீட்டா பிளாக்கரைச் சட்டென்று விடுவதே சிலருக்கு ஆபத்து.

முழங்கால் தேய்ந்தவர், அல்லது இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் உள்ள அடைப்பால் (இடக் கற்றைக் கிளை அடைப்பு) ஈசிஜியைச் சரியாகப் படிக்க முடியாதவர் நடக்கவேண்டியதில்லை. மருந்து கொடுத்து இதயத்துக்கு வேலை ஏற்றி, ஸ்கேனிலோ எக்கோவிலோ (ஒலியலைப் படம்) பார்ப்பார்கள். ஸ்கேனில் இரத்தம் குறைகிற பகுதி இதயத் தசையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தள்ளும் அளவு 40 சதவீதமாவது இருக்கவேண்டும். ட்ரெட்மில் செய்தவர்களுக்கும் இந்த 40 கணக்கு உண்டு.

சோதனை நாளில் செருப்போடு போகாதீர்கள், பிடிப்பான சப்பாத்து போடுங்கள். தேறிய பிறகு அதைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் மறுபடி கூப்பிடுவார்கள்.