தற்பதிப்பு

"நாவல் போட்டிருக்கீங்களாமே, யார் போட்டது?" என்று கேட்பார்கள். "நானே போட்டேன்" என்றால் கேட்டவர் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் வரும். இந்த 'நானே போட்டேன்' என்பதைத்தான் ஆங்கிலத்தில் செல்ஃப் பப்ளிஷிங் என்கிறார்கள். தமிழில் சுயபதிப்பு, சுயவெளியீடு என்று எழுதுகிறோம். பேச்சில் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லே வந்துவிடுகிறது. எனக்குச் சரியாகப் படும் சொல் தற்பதிப்பு.

பதிப்பு என்பதிலிருந்து தொடங்கலாம். ஈரமண்ணில் கால் பதிகிறது. மோதிரத்தில் கல் பதிக்கிறார்கள். மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் பதியம் போடுகிறார்கள். ஒன்று இன்னொன்றில் அழுந்தி அங்கேயே நிலைப்பதுதான் 'பதி' என்ற வினையின் உயிர். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் புத்தகத்துக்கும் இது நேரடியாகப் பொருந்தியது. தாத்தா காலத்து நாவல் ஏதாவது வீட்டில் இருந்தால், ஒரு தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். முன்பக்கத்து எழுத்து அழுந்திய மேடு கையில் தட்டும். கண்ணை மூடிக்கொண்டாலும் வரி எங்கே முடிகிறது என்று தெரியும்.

அப்படியே அந்தப் புத்தகத்தின் முகப்புத் தாளையும் பாருங்கள். 'இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது' என்ற வாசகம் பல பழைய நூல்களில் இருக்கும். பதித்தது என்று போடாமல் பதிப்பித்தது என்று போட்டார்கள். செய்தல், செய்வித்தல் என்பதுபோல, பதித்தல் என்பதற்குப் பதிப்பித்தல் பிறவினை. எழுத்தைத் தாளில் பதித்தவர் அச்சுக்கூடத்துக்காரர். பணம் புரட்டி, தாள் வாங்கிக் கொடுத்து, மெய்ப்புப் பார்த்து, விற்றாலும் விற்காவிட்டாலும் ஏற்றுக்கொண்டவர் பதிப்பித்தவர். இந்த ஒற்றை 'பி' எழுத்தில் பதிப்பாளரின் வேலை முழுவதும் இருக்கிறது. அவர் அச்சடிப்பவர் இல்லை, பொறுப்பேற்பவர்.

அந்தப் பொறுப்பை எழுதியவரே ஏற்றால் தன் + பதிப்பு, தற்பதிப்பு. தற்காப்பு, தற்சார்பு எல்லாம் இப்படிப் புணர்ந்து வந்தவைதான். 'தற்' என்றதும் தற்கொலை, தற்பெருமை ஞாபகம் வருகிறது என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். இயற்கை வேளாண்மைக்காரர்கள் தற்சார்பு என்ற சொல்லை எவ்வளவு கம்பீரமாகப் புழங்குகிறார்கள்! புழங்கப் புழங்க இதுவும் அப்படி ஆகிவிடும். சுயபதிப்பு தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் 'சுய' வடமொழியிலிருந்து வந்தது. அதே பொருளுக்கு நம்மிடமே ஒட்டுச்சொல் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சொல்தான் புதிது, செயல் பழையது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பலரிடம் 'கையொப்பம்' வாங்கினார். புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்வதாக அவர்கள் போட்டுக்கொடுத்த கையெழுத்து அது. இன்று நாம் முன்பதிவு என்கிறோம், அதற்குள்ளும் அதே 'பதி' இருக்கிறது. கதைப் பக்கம் வந்தால் வை.மு.கோதைநாயகி அம்மாள். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, தன் நாவல்களை அதிலேயே வெளியிட்டார். 115 நாவல்கள் எழுதியவர். அவரிடம் யாராவது தயங்கிய முகத்தோடு "நீங்களே போட்டதா?" என்று கேட்டிருப்பார்களா?

அந்தத் தயக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி அதன் வெளியீடாகப் புத்தகம் வரவழைப்பதையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் முதல் நாவலுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கட்டினார். கைக்கு வந்த பிரதியைப் புரட்டினால் உரிமை நிறுவனத்தின் பெயரில். விலை வைத்ததும் அவர்கள்தான். சொந்தக் கதையை மின்னூலாகப் போடக்கூட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை. இதைத் தற்பதிப்பு என்று சொல்லவே கூடாது. செலவு மட்டும் எழுத்தாளருடையது, பதிப்பித்தவர் வேறு யாரோ. உரிமை யாரிடம், விலை வைப்பவர் யார், ஐஎஸ்பிஎன் எனும் புத்தக அடையாள எண் யார் பெயரில் என்ற மூன்றையும் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றும் நாவலில் எது எதில் பதிகிறது? நியாயமான கேள்வி. பப்ளிஷ் என்ற சொல்லின் லத்தீன் வேர், பொதுவில் வைத்தல் என்ற பொருள் உடையது. அதற்கு நேரான தமிழ் வெளியிடுதல்தான். அதனால் மின்னூலுக்கு மட்டும் தன்வெளியீடு என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அங்கே விலையை நாமே வைக்கிறோம், 35 அல்லது 70 சதவீதம் உரிமைத்தொகை வருகிறது, இரவு எழுத்துப்பிழையைக் கண்டால் உடனே திருத்தி ஏற்றிவிடலாம். ஆனாலும் தாளே இல்லாத பத்திரிகைக்கும் 'இணையப் பதிப்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். பதிப்பு என்ற சொல் அச்சைத் தாண்டி எப்போதோ போய்விட்டது.

அப்புறம், இப்படி எழுதுபவரை என்னவென்று அழைப்பது? இண்டிபெண்டன்ட் என்பதைச் சுருக்கி இண்டி ஆத்தர் என்பது ஓடிக்கொண்டிருக்கிறது. சுயேச்சை என்றால் தமிழ்நாட்டில் தேர்தல் சின்னம் கண்முன் வரும். இலங்கைத் தமிழில் சுயாதீன ஊடகவியலாளர் என்று இயல்பாகச் சொல்வார்கள், அந்த வழியில் சுயாதீன எழுத்தாளர் என்பது அங்கே பொருந்தும். எனக்கென்னவோ எழுத்தாளர் என்றாலே போதும் என்று தோன்றுகிறது. தனித்துக் காட்ட வேண்டியது ஆளை இல்லை, பதிப்பித்த முறையை.

என் அடுத்த நாவலின் இரண்டாம் பக்கத்தை இப்போதே அமைத்து வைத்திருக்கிறேன். 'வெளியீடு' என்று வழக்கமாக வரும் இடத்தில் 'எழுதிப் பதிப்பித்தவர்' என்று போட்டு, அதன்கீழே என் பெயர்.