காணியைப் பிரிக்க முதல் ஒழுங்கையை அளந்து பாருங்கள்

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாட்ஸப் அழைப்பு. "அண்ணை, அப்பாவின்ர வளவு ரெண்டு பரப்பு. மூண்டாப் பிரிச்சு மூண்டு வீடு கட்டலாமோ? ரெண்டை வித்துப்போட்டு ஒண்டை வைச்சிருக்கலாம் எண்டு யோசிக்கிறம்." வளவு யாழ்ப்பாணத்துக் கந்தர்மடத்தில். அவருக்காகக் காணியைக் கையாளும் அற்றோணி அதிகாரம் தங்கையின் பெயரில். நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"ஒழுங்கை எத்தனை அடி?"

"பன்னிரண்டு. காணி உறுதியில கிடக்கு."

இருபது வருடமாக யாழ்ப்பாணத்தில் வீட்டுப் பிளான் கீறுகிறேன். உறுதியில் கிடக்கிற ஒழுங்கை வேறு, நிலத்தில் கிடக்கிற ஒழுங்கை வேறு. அடுத்த நாள் நாடாவோடு போனேன். வீதியில் ஏறும் இடத்தில் 11 அடி. நடுவில் 9 அடி 4 அங்குலம். மின்கம்பம் நிற்கிற இடத்தில் 7 அடி 10 அங்குலம்.

இது யாரும் இரவோடு இரவாகச் செய்த களவு இல்லை. முன்பு இரண்டு பக்கமும் கிடுகு வேலி. வேலி வருடத்துக்கு வருடம் பிரித்து அடைக்கப்படும், எல்லை கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். மதில் கட்டத் தொடங்கியபோது ஒவ்வொருவரும் கதியாலின் வெளிப்பக்கத்தில் நூல் பிடித்தார்கள். அப்புறம் கேற் தூண் அரை அடி வெளியே வந்தது. போதாததற்கு, கார் ஏற என்று வாசலில் போட்ட கொங்கிரீட் சரிவு ஒழுங்கைக்குள் இரண்டு அடி நீண்டது. இரண்டு பக்கமும் இப்படியே நடந்தால் பன்னிரண்டு அடி ஒன்பதாகிறதற்கு ஒரு தலைமுறைகூடத் தேவையில்லை.

அகலத்தைவிட மோசமானது முடக்கு. சின்னக் காருக்கே வளைய ஏறக்குறைய 15 அடி ஆரம் வேண்டும். பத்தடி ஒழுங்கையின் முடக்கில் மதிலை மூலைமட்டம் வைத்து நேராகக் கட்டிவிட்டால், கார் முன்னுக்கும் பின்னுக்கும் நாலு தரம் எடுத்துத்தான் திரும்பும். வான் திரும்பாது. இதே கந்தர்மடத்தில் வேறொரு ஒழுங்கையில் ஒரு நாள் மாலை நான் அளவெடுத்துக்கொண்டு நின்றபோது, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் வந்தது. முடக்கு வரைக்கும்தான் வந்தது. நோயாளி இருந்த வீடு அங்கிருந்து எண்பது அடி தள்ளி. இரண்டு பொடியங்களும் நானும் ஸ்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நடுவழியில் யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டியைத் தூக்கி மதிலோரம் வைக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்கு மேலே அப்போது இரண்டாம் மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

சரி, கந்தர்மடத்து வளவின் கணக்குக்கு வருவோம். ஒரு பரப்பு 10 பேர்ச், ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி. ஆக இந்தக் காணி 20 பேர்ச். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் சாதாரண வீட்டுக் காணித் துண்டுக்குக் கேட்கும் ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 6 பேர்ச். மூவாறு பதினெட்டு, இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறதே என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். காணியின் முகப்பு 50 அடி, ஆழம் 109 அடி. பின்னால் இருக்கிற துண்டுக்குப் போக ஒரு பக்கமாகப் பத்தடி வழி விட வேண்டும். முன் துண்டுகள் இரண்டும் 40க்கு 41 அடி என்று வைத்தால் வழியின் நீளம் 82 அடி. அதற்கே 3 பேர்ச் போய்விடும். மூன்றாவது துண்டு 5 பேர்ச்சில் நின்றுவிடும். ரொறன்ரோக்காரருக்குப் படம் கீறி அனுப்பினேன். "அந்த வழியை எட்டடியாக்கினால் வராதோ?" என்று பதில் வந்தது.

இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு குடும்பமும் கேட்கிறது. சீதனமாக மூத்த மகளுக்கு முன் பாதி, இளையவளுக்குப் பின் பாதி. பின் பாதிக்குப் போகிற வழியை, அம்மா நடந்து போய்வருகிற அளவுக்குத்தான் யோசிப்பார்கள். இருபது வருடத்தில் அங்கே ஒரு காரும் ஓட்டோவும் மூன்று மோட்டார் சைக்கிளும் நிற்கும். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்ட பிறகு, "இப்ப கார் இல்லைத்தானே" என்ற சமாதானமும் போய்விட்டது.

நகருக்குள் நெருக்கிக் கட்டுவதற்கு நான் எதிரி இல்லை. நல்லூரிலும் கந்தர்மடத்திலும் வண்ணார்பண்ணையிலும் இருக்கிற வளவுகளில் கட்டாவிட்டால், கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் கோப்பாயிலும் செம்மண் தோட்டம் துண்டுபோடப்படும். வெங்காயம் விளைகிற நிலத்தில் வீடு எழும்புவதைவிட, வெறும் வளவில் இன்னொரு மாடி எழும்புவது எவ்வளவோ மேல். எத்தனை குடும்பம் என்பதை ஒழுங்கையையும் கிணற்றையும் கேட்டுத் தீர்மானியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கிணறு என்றதும் சிரிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நகரம் முழுக்க ஓடுகிற கழிவுநீர்க் குழாய் வலை கிடையாது. ஒவ்வொரு வீட்டுக் கழிவும் அந்தந்த வளவுக்குள்தான் இறங்குகிறது. கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், வெடிப்பும் பொந்தும் நிறைந்தது, நீரை வடிகட்டாமல் கடத்திவிடும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றும் மலக் கிருமியும் இருப்பது பல தடவை சோதித்துக் கண்ட விஷயம். நாங்கள் கிணற்றுக்கும் மலசலக் குழிக்கும் இடையில் ஐம்பது அடி பார்ப்போம். 50க்கு 54 அடியான ஒரு பரப்புத் துண்டில், ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால் இடையில் எழுபது அடி வரும். பிளானில் பார்க்க நல்லாயிருக்கும். ஆனால் அந்தக் குழிக்கு ஆறடி தள்ளி, மதிலுக்கு அங்கால், அடுத்த வீட்டுக் கிணறு. நீங்கள் உங்கள் தண்ணீரைக் காப்பாற்றி அயலவரின் தண்ணீரைக் கொடுத்துவிட்டீர்கள். அவரும் தன் துண்டில் அதையே செய்திருப்பார். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டதிலிருந்து "இனிக் குழாய்த் தண்ணி வரும்தானே" என்கிறார்கள். வரட்டும். குழாயில் தண்ணீர் கூடினால் குழிக்குப் போகிற கழிவும் கூடும். அடி பூசி மூடிய தொட்டி கட்டி, பவுசர் லொறியால் இறைப்பிக்கிற செலவை முதலே கணக்கில் எடுங்கள். அந்த பவுசர் வரவும் ஒழுங்கை வேண்டும்.

இனி வாகனத் தரிப்பிடம். பிளானில் ஒரு காருக்கு நான் கீறுவது 2.4க்கு 4.8 மீற்றர், அதாவது எட்டுக்குப் பதினாறு அடி. மாடிக் கட்டடம் என்றால் கீழ்த்தளத்தில் தூண்களுக்கிடையில் அந்தப் பெட்டிகளைக் கீறி அனுமதிக்குக் கொடுப்போம். கட்டி முடிந்து, பிளான்படிதான் கட்டியது என்ற சான்றிதழ் (சீ.ஓ.சீ.) கையில் கிடைக்கும்வரை அது வெறும் தூண்தான். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கமாகப் போனால் ஷட்டர் போட்டு, உள்ளே போன் கடை. வாடகை வருகிறது. வாடிக்கையாளரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் வீதியில். இப்படி ஒரு கட்டடத்துக்கு நானே பிளான் கீறினேன், அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறேன். உரிமையாளரிடம் கேட்டபோது, "எல்லாரும் செய்யினம்தானே தம்பி" என்றார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாக் கட்டடத்துக்கும் கார்ப் பெட்டி கேட்பது எனக்கு உடன்பாடில்லை. திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விடுகிற வீட்டில் கார் எதற்கு? ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து மோட்டார் சைக்கிள் தாராளமாக நிற்கும். இதை நல்லூரடியில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திருவிழா நடக்கும் 25 நாளும் வீதி மூடியிருக்க, படலையைத் திறந்து வளவுக்குள் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நூற்றுக்கணக்கில் அடுக்கி, துண்டு எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் அவர்கள். அந்தச் சனம்தான் பிளான் கீற வரும்போது தங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கே விடுவார்கள் என்பதை மறந்துவிடுகிறது.

அடுத்தது வலய விஷயம், அதாவது எங்கே வீடு, எங்கே கடை என்று நகரத் திட்டம் வகுப்பது. "எங்கட ஒழுங்கையும் கொமர்சியல் ஆகுமாம், காணி விலை ஏறுமாம்" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். விலை ஏறும், உண்மைதான். வீட்டை ரியூட்டரியாக மாற்ற வலயத்தோடு அனுமதியும் வேண்டும், ஏனென்றால் அது பயன்பாட்டு மாற்றம். அனுமதி எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் இருக்கிறார்கள், அதை விடுவோம். மாலை நாலு மணிக்கு ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புத் தொடங்குகிற அந்தக் கால் மணி நேரத்தில் ஒழுங்கையில் நின்று பாருங்கள். சைக்கிள், பிள்ளையை ஏற்ற வந்த அப்பாவின் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, நடுவில் கோன் ஐஸ்காரர். அந்த ஒழுங்கையில் காணி வாங்கப் போகிறீர்களா? காலை பத்து மணிக்குப் பார்க்கப் போகாதீர்கள்.

மழையைப் பற்றி ஒரு வரி. கார் விடவென்று வளவு முழுக்க இன்ரலொக் கல் பதிக்காதீர்கள். வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்தால், ஒரு பரப்பில் விழுவது மூன்று லட்சம் லீற்றர். அது கிணற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர். இப்போது ஐப்பசி கார்த்திகையில் ஒழுங்கைக்குள் முழங்காலளவு நிற்கிறது. சக்கரம் ஓடுகிற இரண்டு பாதைக்கு மட்டும் கல் பதித்தால் போதும், நடுவில் சல்லி கிடக்கட்டும்.

கந்தர்மடத்து வளவு கடைசியில் துண்டாகவில்லை. ஒரே காணியில் கீழ் மாடியையும் மேல் மாடியையும் தனித்தனி உறுதியில் எழுத 1973இலிருந்தே சட்டம் இருக்கிறது. அந்த வழியில் இரண்டு வீடு, ஒரு கேற், ஒரு கிணறு, ஒரு தொட்டி. விற்பதானால் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் அறிவியுங்கள் என்று நொத்தாரிசு தனியாகச் சொல்லியிருக்கிறார். நான் கேட்டது இரண்டே விஷயம்: முன் மதிலை மூன்றடி உள்ளே எடுப்பது, முடக்கு மூலையை ஐந்தடிக்குச் சரித்துக் கட்டுவது.

தங்கைக்கு அது விளங்கவில்லை. "அந்த மூண்டடி ஆருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் முன்வீட்டு ஐயா படலையைத் திறந்துகொண்டு வந்தார். மேசன் முளை அடிப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கட கேற் தூணை உள்ளுக்கு எடுத்தா வான் வருமோ?" என்றார். நாடாவின் மறு நுனியை அவரிடம் கொடுத்தேன். 13 அடி வந்தது, மின்கம்பத்தடியைத் தவிர. கம்பத்தை நகர்த்த விண்ணப்பம் கொடுத்தால் செலவு விண்ணப்பித்தவர் தலையில். பாதி பாதியாகப் போடுவோம் என்று இரண்டு வீடும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறது.