கெய்கர் கருவி அடங்கினால் வந்த வழியே திரும்புங்கள்

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சனிக்கிழமைகளில் நண்பர்கள் கூடிப் பகடை உருட்டி ஆடும் ரோல்-பிளே விளையாட்டுக்கு, அணுப்போருக்குப் பிந்தைய ஜோகன்னஸ்பர்க்கைக் களமாக வைத்திருக்கிறோம். ஸ்டாக்கர், ஃபால்அவுட் மாதிரி வீடியோ கேம்களில் கதிர்வீச்சைக் காட்டும் கெய்கர் கருவி டிக் டிக்கென்று அடிக்குமே, அதை மேசையில் எப்படிக் கொண்டுவருவது?”

நல்ல களம். ஜோகன்னஸ்பர்க் அமைந்துள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியின் தங்கத் தாதுவில் யுரேனியமும் கலந்திருக்கிறது. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மஞ்சள் மேடுகளில் அந்த யுரேனியமும் அது சிதைந்து உண்டான ரேடியமும் தங்கிவிட்டன. நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் டர்பனைவிட அதிகம். போரே வராவிட்டாலும் அங்கே கருவி கொஞ்சம் கூடுதலாகத்தான் அடிக்கும்.

எந்த அணுக்கரு எப்போது சிதைந்து கதிர் வீசும் என்று சொல்லவே முடியாது என்பது பள்ளிப்பாடம்; டிக் சத்தம் தாளமில்லாமல் வருவதற்கு அதுவே காரணம். 1908இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டுடன் தொடங்கிய கருவியை, ஹான்ஸ் கெய்கர் 1928இல் தன் மாணவர் வால்டர் முல்லரோடு சேர்ந்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். கேம்களில் கோட்டைவிடும் இடம் குழாய்க்குள் இருக்கிறது. அங்கே போவோம்.

சோவியத் காலத்து எஸ்பிஎம்-20 என்ற கெய்கர் குழாயை இன்றும் பொழுதுபோக்குக்காரர்கள் வாங்கிச் சால்டர் வைக்கிறார்கள். சுமார் 11 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன், மெல்லிய எஃகுச் சுவர், நடுவே ஒரு கம்பி. உள்ளே குறைந்த அழுத்தத்தில் நியான், அதோடு சிறிதளவு புரோமின். கம்பிக்கு 5.1 மெகாஓம் மின்தடை வழியாக 400 வோல்ட் கொடுக்க வேண்டும்.

காமா கதிர் பெரும்பாலும் வாயுவைத் தொடாமலே கடந்துவிடும். அது எஃகுச் சுவரில் மோதி ஒரு எலக்ட்ரானை உள்ளே தட்டிவிடும்போதுதான் வேலை தொடங்குகிறது. எலக்ட்ரான் கம்பியை நோக்கிப் பாய்கிறது. கம்பி மெல்லியது என்பதால் அதை நெருங்க நெருங்க மின்புலம் கிடுகிடுவென்று ஏறும். கடைசி மில்லிமீட்டருக்குள், இரண்டு மோதல்களுக்கு இடையிலேயே இன்னொரு அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து அதை அயனியாக்கும் அளவுக்கு எலக்ட்ரானுக்கு வேகம் வந்துவிடுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எலக்ட்ரான் சரிவு உண்டாகிறது. இத்தோடு நின்றால் அது கம்பியின் ஒரு புள்ளியோடு முடிந்துபோகும். ஆனால் மோதப்பட்ட அணுக்கள் புறஊதா ஒளியையும் உமிழ்கின்றன. அந்த ஒளி குழாயின் வேறு இடங்களில் புது எலக்ட்ரான்களைப் பெயர்க்கிறது. அவை புதுச் சரிவுகளைத் தொடங்குகின்றன. சில மைக்ரோவினாடிகளில் கம்பி முழுவதும் பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் மின் துடிப்புதான் நமக்கு ஒரு டிக்காகக் கேட்கிறது. ஒரே ஒரு எலக்ட்ரான் நூறு கோடியாகப் பெருகும் இந்த இடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காதது.

இது எப்படி நிற்கிறது? எலக்ட்ரான்கள் இலேசானவை, உடனே கம்பிக்குள் போய்விடும். பளுவான நேர் அயனிகள் கம்பியைச் சுற்றி உறைபோல மிஞ்சி நிற்கும். மின்புலம் தணிந்து சரிவு தானே அணைகிறது. பிறகு அந்த அயனிகள் மெல்லச் சுவரை நோக்கி நகர்கின்றன. நியான் அயனி சுவரைத் தொட்டால் புது எலக்ட்ரானைப் பெயர்த்து மறுபடி கொளுத்திவிடக்கூடும். வழியிலேயே அதன் மின்னூட்டத்தைப் புரோமின் வாங்கிக்கொள்வதால் அது நடப்பதில்லை. புரோமின் இல்லாவிட்டால் ஒரே ஒரு கதிருக்குக் கருவி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

குழாய் பழைய நிலைக்குத் திரும்ப எஸ்பிஎம்-20க்குச் சுமார் 190 மைக்ரோவினாடி ஆகும். அதுவரை வரும் கதிர் கணக்கில் சேராது. கெடுதி இதற்குமேல்தான்: பாதி தேறிய குழாயில் விழும் கதிர், எண்ண முடியாத சிறு துடிப்பை மட்டும் கிளப்பி, தேறும் வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறது. இப்படியே கணக்குப் போட்டால், வினாடிக்கு 1,000 கதிர் பட்டால் 827 டிக் கேட்கும். 5,000 பட்டால் சுமார் 1,930. அதுதான் உச்சம். 20,000 பட்டால் 450க்கும் கீழே இறங்கிவிடும். 50,000 பட்டால் நான்குகூடத் தேறாது! கொல்லக்கூடிய இடத்தில் கருவி ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. கதிர்வீச்சு கூடக்கூட டிக் சத்தமும் கூடிக்கொண்டே போவதாகக் காட்டும் கேம்கள் இதைத்தான் தவறவிடுகின்றன. நல்ல கருவிகளில் குழாய் வழியே ஓடும் மின்னோட்டத்தைத் தனியாகக் கவனித்து, மின்னோட்டம் பலமாக இருந்தும் துடிப்பு இல்லையென்றால் ‘அளவு மீறிவிட்டது’ என்று காட்டும் சுற்று இருக்கும்.

ஸ்டாக்கரில் வோட்கா குடித்தால் கதிர்வீச்சு இறங்கும், நிஜத்தில் இறங்காது. பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டுக்குள் கதிரியக்க அயோடின் சேர்வதை மட்டும் தடுக்கும். மூடநம்பிக்கை கேமோடு நிற்பதில்லை என்பதுதான் கவலை. 2021 ஜனவரியில் குவாசுலு-நடாலில் 5ஜி வதந்தியை நம்பிச் செல்போன் கோபுரங்களைக் கொளுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ‘5ஜியைத் தடுக்கும்’ என்று விற்ற பதக்கங்கள் உள்ளிட்ட பத்துப் பொருள்களே அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுகின்றன என்று நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. வகுப்பில் ஒரு கெய்கர் குழாய் இருந்திருந்தால் பிள்ளைகளே அந்தப் பதக்கத்தைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள். கூபர்க் அணுமின் நிலையமும் ஐதெம்பா அணு ஆய்வகமும் உள்ள நாட்டில், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குழாய் வாங்கித்தரக் கல்வித்துறை பணம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

இனி மேசைக்கு வருவோம். சாதாரணத் தெருவில் எஸ்பிஎம்-20 நிமிடத்துக்குச் சுமார் 20 முறை அடிக்கும். வினாடிக்கு ஓர் ஆறுபக்கப் பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் மேசையில் ஒரு தட்டு. சில நேரம் நான்கைந்து தட்டு நெருக்கமாக வரும், சில நேரம் பத்து வினாடி ஒன்றுமே வராது. அதைச் சீராக்க முனையாதீர்கள்.

ஆபத்தான இடங்களில் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் மறைவாகப் பல பகடைகளை ஒன்றாக உருட்டட்டும். எந்த எண் ஒரே ஒரு பகடையில் மட்டும் விழுந்திருக்கிறதோ அதற்கு ஒரு தட்டு. இரண்டு மூன்று பகடைகளில் விழுந்த எண்ணுக்குத் தட்டே கிடையாது. அவை மீளும் நேரத்துக்குள் சிக்கிய கதிர்கள். 2 பகடைக்குச் சராசரி 1.7 தட்டு, 5 பகடைக்கு 2.4. பத்துக்கு 1.9, இருபதுக்கு 0.6, முப்பதுக்கு 0.15. குழாய் செய்வதை இந்த விதி அப்படியே செய்துகாட்டும். எத்தனை பகடை உருட்டுகிறீர்கள் என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. உடம்பில் ஏறும் கதிர்வீச்சைத் தட்டுகளை வைத்து எண்ணாமல் பகடைகளை வைத்து எண்ணுங்கள். தட்டு ஏறி, பிறகு இறங்கும்போது வந்த வழியே திரும்புகிற ஆட்டக்காரர் பிழைத்துக்கொள்வார். மூன்றாவது நான்காவது ஆட்டத்தில் அயனி அறைக் கருவி ஒன்றைக் கண்டெடுக்க விடலாம். அதில் எலக்ட்ரான் சரிவே இல்லை, மின்னோட்டத்தை மட்டும் அளக்கும். அதை வைத்திருப்பவருக்குப் பகடைகளின் எண்ணிக்கையை அப்படியே சொல்லிவிடுங்கள்.