கூ டூ: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜப்பானிய மொழியில் 'குட்சு' என்றால் காலணி. அதையே கடைசியில் கொஞ்சம் நீட்டி 'குட்சூ' என்றால் வேதனை. குறில் நெடிலானால் பொருளே மாறிவிடுவது கல், கால் என்று எழுதிப் பழகிய நமக்குப் புதிதில்லை. இந்த இரண்டு சொல்லையும் 'மீ டூ'வோடு கோத்ததில் பிறந்ததுதான் 'கூ டூ', வேலையிடத்தில் பெண்களுக்கு ஹீல்ஸைக் கட்டாயமாக்குவதற்கு எதிராக ஜப்பானில் எழுந்த இயக்கத்தின் பெயர்.

2019 ஜனவரியில் யுமி இஷிகாவா என்ற நடிகை, வேலைக்குப் போகிற பெண்கள் ஹீல்ஸ் போட்டே ஆகவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று ட்விட்டரில் எழுதினார். ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனம் ஒன்றில் பகுதிநேரமாக வேலை பார்த்தபோது அவருக்கு அந்தக் கட்டாயம் இருந்தது, கூட வேலை பார்த்த ஆண்களுக்குத் தட்டை ஷூ போதும். அந்த ஜூனில் 18,800க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு தொழிலாளர் அமைச்சகத்திடம் மனு போனது. அமைச்சர் தகுமி நெமோதோவோ, வேலைக்குத் தேவை என்று சமூகம் ஏற்றுக்கொண்ட அளவுக்குள் இருந்தால் சரிதான் என்கிற மாதிரி பதில் சொன்னார். 2020இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் விமானப் பணிப்பெண்களுக்குக் கட்டாய ஹீல்ஸை விலக்கியது.

"அவள் விரும்பித்தானே போடுகிறாள், இதில் பெண்ணியம் எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. போடாவிட்டால் வேலை போய்விடும் என்கிற இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கே வேலையில்லை. நானும் ஒரு வரவேற்பு மேசைக்குப் பின்னால் எட்டு மணி நேரம் ஹீல்ஸில் நின்றவள், வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைக்கும்போது அழுதிருக்கிறேன், அந்த நாட்களில் என் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. அதற்காக ஆசைப்பட்டுப் போடுகிறவளின் காலிலிருந்து நான் அதைக் கழற்ற மாட்டேன், அது அவள் கால்.

சரி, தமிழில்? ஜப்பானியருக்கு இரண்டு சொல் தேவைப்பட்ட இடத்தில் நம்மிடம் ஒரே சொல் தயாராக இருக்கிறது: செருப்புக்கடி. காலணியும் வலியும் அதிலேயே இருக்கின்றன, அதுவும் கடிப்பது செருப்புத்தான் என்று குற்றவாளியையும் காட்டிவிடுகிறது. ஹை ஹீல்ஸுக்குக் 'குதியுயர் காலணி' என்று எழுதலாம், பேச்சில் ஹீல்ஸ் போதும். ஆனால் இந்த இயக்கத்தை 'ஹீல்ஸ் எதிர்ப்பு' என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். மனு கேட்டது ஹீல்ஸுக்குத் தடையை இல்லை, முதலாளி அதைக் கட்டாயமாக்குவதற்குத் தடையை. 'கட்டாய ஹீல்ஸ் எதிர்ப்பு' என்று எழுதுங்கள்.