‘வாயே திறக்க மாட்டேங்கிறான்’ என்று எழுதும் முன்

போன வாரம் இன்னொரு குறிப்பேடு என் மேசைக்கு வந்தது. ஆசிரியர் பரிமாற்றத்தில் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் பத்து நாள் போய் வந்தவர் எழுதியது. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பணியர் பழங்குடிப் பையனைப் பற்றி, ‘பதில் சொல்வதில்லை, கற்றல் குறைபாடு இருக்கலாம்’ என்று ஒரு வரி. இந்த ஆண்டில் இது நாலாவது. அந்தப் பையனை எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டின்போது அக்காவிடம் வாய் ஓயாமல் பேசுவான், பணிய மொழியில். குறைபாடு யாருக்கு?

பயிற்சியில் இதைச் சொன்னால் உடனே ஒரு கை உயரும். “சார், அது கொச்சைத் தமிழ்தானே? எழுத்துகூடக் கிடையாதே?” இல்லீங்க. பணியர் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கம், அங்கேயே இருக்கும் இன்னொரு பழங்குடியான காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்கு. இரண்டுமே தமிழ் கெட்டுப்போய் உண்டானவை அல்ல. எழுத்தில்லாவிட்டால் மொழியில்லை என்றால், கைநாட்டு வைத்த உங்கள் பாட்டி பேசியது என்ன? அதே நீலகிரியில் தோடர் பழங்குடியின் மொழியில் நாக்கை உருட்டும் ஒலிகள் மட்டும் ஆறு. நாம் ர, ற இரண்டுக்கே தடுமாறுகிறோம். 1935இல் இந்தியா வந்த மொழியியலாளர் எமனோ, தோடர், கோத்தர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு எழுதிய பக்கங்கள் ஒரு அலமாரி பிடிக்கும். நாம் பத்தே நாளில் தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

2009 கல்வி உரிமைச் சட்டம் ‘இயன்றவரை’ தாய்மொழியில் என்கிறது. அந்த ‘இயன்றவரை’தான் நமக்கு வசதி. பக்கத்து வயநாட்டில் 2017இலேயே படித்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்திவிட்டார்கள்.

பரிமாற்றத்தில் போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் மொழியில் ஐம்பது சொல்லாவது படித்துக்கொண்டு போங்கள். தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு. கேட்கச் சொல் தெரியாமல் நனைத்துக்கொண்டு உட்கார்ந்த குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். வாயில் நுழையவில்லை என்று பிள்ளையின் பெயரை மாற்றாதீர்கள். முதல் நாளே ஆடச் சொல்லிவிட்டுப் போனைத் தூக்காதீர்கள். தேன் எடுக்கும் பருவத்தில் வராத காட்டுநாயக்கர் பிள்ளையை ‘இடைநின்றவர்’ பட்டியலில் சேர்க்கும் முன், அவன் அப்பாவை வகுப்புக்கு அழையுங்கள். அவர் தேனடையைப் பற்றிப் பேசட்டும். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள்.

பரிமாற்றம் என்று பெயர், ஆனால் இங்கிருந்து போவது மட்டும்தான் நடக்கிறது. ஒருமுறை பணியர் ஆசிரியை ஒருவரை எங்கள் பயிற்சிக்கு வரவழைத்தோம். நம்மவர் ஒருவர் அவரிடம் போய், “டீ எப்போம்மா வரும்?” என்றார்.

அடுத்த பயிற்சியில் முதல் இரண்டு மணி நேரமும் அந்த ஆசிரியைதான் எடுக்கிறார். தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள்.