கொள்ளையில் நேர்ந்த மரணம்: அமெரிக்க மேல்முறையீட்டில் தற்காப்பு வாதம் எப்போது எடுபடும்?

"அவர் துப்பாக்கியை எடுத்தார், நான் சுடாவிட்டால் செத்திருப்பேன்." கொள்ளையடிக்கப் போன இடத்தில் கொலை செய்தவர் அமெரிக்க நீதிமன்றத்தில் இப்படிச் சொன்னால், அது முழு உண்மையாகவே இருந்தாலும் பெரும்பாலும் அவரைக் காப்பாற்றாது. பல மாநிலங்களில் உள்ள ஃபெலனி மர்டர் விதிதான் காரணம். கொள்ளை, தீவைப்பு, ஆள்கடத்தல் போன்ற பெருங்குற்றத்தின்போது ஓர் உயிர் போனால், கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும் அது கொலையே. அரசுத் தரப்பு கொல்லும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கொள்ளையடிக்கும் எண்ணத்தை நிரூபித்தால் போதும்.

கல்லாவுக்குக் கீழிருந்து துப்பாக்கி எடுக்கும் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் செய்வதுதான் சட்டம் ஒப்புக்கொள்ளும் தற்காப்பு. அதற்கு எதிராக இன்னொரு தற்காப்பு கிடையாது. ஜார்ஜியா மாநிலம் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது: பெருங்குற்றம் செய்கையிலும், செய்ய முயல்கையிலும், செய்துவிட்டுத் தப்பியோடுகையிலும் தாக்கியதற்கு நியாயம் கோர முடியாது.

ஆனால் அதே ஜார்ஜியாவில் ஒரு வழி திறந்திருக்கிறது. அங்கே ஆயுதத்தால் தாக்கியதையே அடிப்படைக் குற்றமாக வைத்து ஃபெலனி மர்டர் வழக்குத் தொடுக்கலாம். அந்தத் தாக்குதலே தற்காப்புக்காக நடந்தது என்றால் அடிப்படைக் குற்றமே இல்லை. அதன்மேல் எழுப்பிய கொலைக்குற்றமும் நிற்காது. ஆகவே, எந்தக் குற்றத்தின் மேல் வழக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். குற்றம் முடிந்து, தப்பியவர் பாதுகாப்பான இடத்தை அடைந்தபின் வேறொரு சண்டை மூண்டிருந்தால் அதுவும் தனிக் கணக்கு.

மேல்முறையீட்டில் சாட்சிகளைப் புதிதாக விசாரிப்பதில்லை. பெரும்பாலும் எழும் கேள்வி ஒன்றுதான்: தற்காப்புச் சட்டத்தை ஜூரிக்கு விளக்க விசாரணை நீதிபதி மறுத்தது தவறா? தற்காப்புக்குச் சான்று பதிவில் இருந்ததா, சட்டம் அந்த வாதத்துக்கு இடம் தருகிறதா, அந்த விளக்கம் இல்லாததால் தீர்ப்பு மாறியிருக்குமா என்று பார்ப்பார்கள். விசாரணையின்போதே வக்கீல் ஆட்சேபம் தெரிவிக்காமல் விட்டிருந்தால் வெல்வது மிகக் கடினம். ஒரு வரி ஆட்சேபம் விடுபட்டதற்காக ஒருவர் ஆயுள் முழுதும் சிறையில் கிடக்க நேர்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

கலிஃபோர்னியா 2019 முதல் விதியைச் சுருக்கிவிட்டது. தான் கொல்லாமல் கூடப் போனவரைக் கொலைக்குத் தண்டிக்க, அவர் கொல்லும் எண்ணத்தோடு உதவியிருக்க வேண்டும். அல்லது குற்றத்தில் பெரும்பங்கு வகித்து, உயிரைத் துச்சமாக எண்ணி நடந்திருக்க வேண்டும். இறந்தவர் பணியிலிருந்த காவலர் என்றால் இந்தச் சலுகை பொருந்தாமல் போகலாம். பழைய விதிப்படி தண்டிக்கப்பட்டவர்களும் தண்டனை விதித்த நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தானே கொன்றவருக்கு அந்த மனு உதவாது.