மேளம் கேட்கும், ‘பஸ்’ கேட்காது

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் வளரும் குழந்தைக்குச் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. கன்டெய்னர் லாரி உறுமினால் திரும்பும், சாவு மேளம் வந்தால் வாசலுக்கு ஓடும். பேச்சு சரியாக வரவில்லையே என்றால், “காதெல்லாம் நல்லா கேக்குது, அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று ஆயா சொல்லிவிடுவார். காதில் சத்தம் கொடுத்து நரம்பின் பதிலை அளக்கும் பெரா (BERA) டெஸ்ட்டோ ‘பதிலே இல்லை’ என்று காட்டும். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

உறுமலும் மேளமும் தாழ்ந்த சுருதி. வழக்கமான ‘கிளிக்’ பெரா முக்கியமாகச் சோதிப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. சில குழந்தைகளுக்குத் தாழ்ந்தது ஓரளவு கேட்கும், உயர்ந்தது அறவே கேட்காது. ‘அம்மா’ காதில் விழும். ‘பஸ்’ஸில் கடைசி ‘ஸ்’ விழாது, அதன் பலம் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. பேச்சு குழறுவதும் இதனால்தான்.

உள்காதில் இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடக்கிறது காக்ளியா. அதன் உள்சவ்வு நுழைவாயிலருகே குறுகலாக, விறைப்பாக இருப்பதால் உயர் சுருதிக்கு அதிரும். உள்ளே போகப் போக அகன்று தளர்ந்து தாழ்ந்த சுருதிக்கு அதிரும். அதிர்வை நரம்புக்குச் சொல்பவை மயிர்செல்கள். செத்தால் மறுபடி முளைக்காது. அவை இல்லாத இடத்தில் காது மெஷின் சத்தத்தைக் கூட்டுவது, ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோலத்தான்.

ஆபரேஷன் செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி அந்தச் செல்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. அதன் எலக்ட்ரோடு கம்பி காக்ளியாவின் நுழைவாயில் வழியாகப் போவதால் முதலில் எட்டுவது, செல்கள் செத்துப்போன உயர் சுருதிப் பகுதியைத்தான். நல்லவேளை! மெல்லிய, குட்டையான கம்பியை மெதுவாகச் செலுத்தி, ஸ்டீராய்டும் கொடுத்தால் தாழ்ந்த சுருதிக்கான கடைசிச் சுற்றை அலுங்காமல் விடலாம். அப்புறம் ஒரே கருவி தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் காதுக்குள்ளும், உயர்ந்ததை மின்துடிப்பாகவும் தரும். மிச்சமிருக்கும் கேட்புதான் பாட்டின் சுருதிக்கும் இரைச்சலில் பேச்சைப் பிரிக்கவும் கைகொடுக்கிறது.

அந்த மிச்சம் ஆபரேஷனிலோ, மாதங்கள் கழித்தோ போய்விடவும் கூடும். அப்போது, தாழ்ந்த சுருதிப் பகுதியை எட்டாத குட்டைக் கம்பி போதாமல் போகலாம். குழந்தைக்கு முன்னால் முழு வாழ்க்கையும் கிடப்பதால் சில டாக்டர்கள் நீளமான கம்பியையே விரும்புகிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இந்த ஆபரேஷன் உண்டு. அவசரப்பட்டுத் தேதி வாங்குமுன், ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியாகக் காதைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.